கடுகு வெடிக்கும் இடம்: டீசல் எஞ்சினின் நாக்ஸ் கணக்கு

இறுதியாண்டு மாணவி ஒருத்தி மடிக்கணினியைத் திறந்தபடியே என் அறைக்குள் வந்தாள். டீசல் எஞ்சினிலிருந்து வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகளின் அளவைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டுவது அவளுடைய ப்ராஜெக்ட். ஆய்வகத்தில் எஞ்சினை ஓட்டி, சிலிண்டருக்குள் இருந்த அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து வெப்பநிலையைப் பெற்று, பாடப்புத்தகத்தில் உள்ள சமன்பாட்டில் போட்டிருந்தாள். "சார், புகைக்குழாயில் வைத்த அனலைசர் நூற்றுக்கணக்கில் பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று, காட்டுகிறது. என் கணக்கில் ஒன்றுகூட வரவில்லை. ப்ரோகிராமில் எங்கோ பிழை இருக்கிறது. மூன்று நாளாகத் தேடுகிறேன், அகப்படவில்லை" என்றாள்.

வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். சமன்பாடு சரி. அலகுகள் சரி. பிழை அவள் உள்ளே கொடுத்த வெப்பநிலையில் இருந்தது. அதையும் அவள் தப்பாகக் கணக்கிடவில்லை. சிலிண்டருக்குள் இருக்கும் மொத்த வாயுவின் சராசரி வெப்பநிலையை மிகச் சரியாகவே கண்டுபிடித்திருந்தாள். நாக்ஸைப் பொறுத்தவரை சிக்கலே அந்தச் சராசரிதான். இந்தக் கணக்கைப் புதிதாகத் தொடும் அநேகரும் இடறும் இடம் இது என்பதால், அன்று அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பிளஸ் டூ வேதியியல் நினைவிருந்தால் போதும்.

முதலில் பெயர். நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு ஆகிய இரண்டையும் சேர்த்து நாக்ஸ் என்கிறார்கள். முன்னதில் நைட்ரஜன் அணு ஒன்று, ஆக்சிஜன் அணு ஒன்று. பின்னதில் ஆக்சிஜன் இரண்டு. எஞ்சினுக்குள் பிறப்பது பெரும்பாலும் நைட்ரிக் ஆக்சைடு. வெளியே வந்தபின் அது காற்றில் டைஆக்சைடாக மாறுகிறது. மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுவது, ஆஸ்துமாவைக் கிளப்பிவிடுவது, வெயிலோடும் ஹைட்ரோகார்பன்களோடும் சேர்ந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குவது என்று இதன் கெடுதிகள் நீளும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதி, டீசல் கார்களுக்கான நாக்ஸ் வரம்பைக் கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமாக ஒரேயடியாக இறக்கியதற்குக் காரணம் இதுதான்.

இந்த நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? டீசலிலிருந்து என்றுதான் பலரும் நினைப்பார்கள். புகைக்கரியில் உள்ள கார்பன் டீசலிலிருந்து வருவது. கந்தக மாசும் அப்படியே. ஆனால் டீசலில் நைட்ரஜன் கணக்கில் எடுக்க வேண்டிய அளவுக்கு இல்லை. நாக்ஸில் உள்ள நைட்ரஜன் நாம் சுவாசிக்கும் இதே காற்றிலிருந்து வருகிறது. காற்றில் 78 சதவீதம் அதுதானே! எரிதலுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. கூட்டத்தோடு உள்ளே போய், சூடாகி, வந்த வழியே வெளியேற வேண்டிய வாயு அது. எரியறையின் கொடுஞ்சூடு அதையும் வினைக்குள் இழுத்துவிடுகிறது.

செல்டோவிச் கண்ட சங்கிலி

நைட்ரஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் கட்டுண்டவை. அந்தப் பிணைப்பை அறுக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஆக்சிஜன் மூலக்கூறைப் பிரிக்க அதில் பாதியைவிடச் சற்று அதிகம், 498 கிலோஜூல் போதும். எனவே சூடு ஏறும்போது முதலில் பிளவுபடுவது ஆக்சிஜன். அப்படிப் பிரிந்து துணையற்றுத் திரியும் ஆக்சிஜன் அணுதான் எல்லாவற்றையும் தொடங்கிவைக்கிறது.

சோவியத் இயற்பியலாளர் யாகோவ் செல்டோவிச் 1946இல் வெளியிட்ட ஆய்வில் இதைத் தெளிவாக்கினார். பின்னாளில் அணுகுண்டு ஆராய்ச்சியிலும் அண்டவியலிலும் பெயர் பெற்ற அதே செல்டோவிச்தான். அவர் சொன்ன சங்கிலி இது: தனி ஆக்சிஜன் அணு ஒன்று நைட்ரஜன் மூலக்கூறின்மேல் மோதி, அதைப் பிளந்து, ஒரு பாதியோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடாகிறது. மறுபாதியான தனி நைட்ரஜன் அணு, பக்கத்தில் உள்ள ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்து இன்னொரு நைட்ரிக் ஆக்சைடாகிறது. அந்த மோதலில் ஓர் ஆக்சிஜன் அணு மிச்சமாகிறது. அது அடுத்த நைட்ரஜன் மூலக்கூறைத் தேடிப் போகிறது. 1970இல் லவோய், ஹேவுட், கெக் ஆகிய மூவரும் எஞ்சினுக்காக இதில் மூன்றாவது படி ஒன்றையும் சேர்த்தார்கள். தனி நைட்ரஜன் அணு, தீயில் ஏராளமாக இருக்கும் ஹைட்ராக்சிலோடு வினைபுரிந்தும் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது என்பது அந்தப் படி. இந்த மூன்றையும் சேர்த்து விரிவாக்கிய செல்டோவிச் வினைத்தொடர் என்பார்கள். இன்றைக்கும் டீசல் நாக்ஸ் கணக்குகளில் பெரும்பாலானவற்றின் முதுகெலும்பு இதுதான்.

மூன்றில் முதல் படிதான் மந்தமானது. மும்மைப் பிணைப்பை உடைக்கும் படி அல்லவா! அதற்குத் தேவையான கிளர்வு ஆற்றல் மோலுக்கு 318 கிலோஜூல் அளவில் இருக்கிறது. மற்ற இரண்டும் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். ஆகவே மொத்த உற்பத்தியின் வேகத்தை முதல் படியே தீர்மானிக்கிறது. அந்தப் படிக்கு ஆக்சிஜன் அணுக்கள் வேண்டும். அந்த அணுக்கள் எத்தனை என்பதும் சூட்டைப் பொறுத்தது. ஆக, சூடு இரண்டு வழியாக வந்து தாக்குகிறது: மோதலின் வலிமையையும் கூட்டுகிறது, மோதும் அணுக்களின் எண்ணிக்கையையும் கூட்டுகிறது.

இரண்டையும் பெருக்கினால் என்ன ஆகும் என்று கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். நைட்ரிக் ஆக்சைடு உண்டாகும் தொடக்க வேகம், மைனஸ் 69,090 வகுத்தல் கெல்வின் வெப்பநிலை என்ற எண்ணின் அடுக்குக்குறிச் சார்பாக ஏறுகிறது. 2200 கெல்வினில் உள்ள வாயுவை 2250க்குக் கொண்டுபோனால், அந்த 50 கெல்வினில் உற்பத்தி வேகம் இரண்டு மடங்காகிறது. 2000இலிருந்து 2400க்குப் போனால் ஏறத்தாழ 300 மடங்கு. வெப்பநிலை 20 சதவீதம் ஏறியதற்கு உற்பத்தி 300 மடங்கு! இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால் இனி வருவதெல்லாம் தானாகவே புரியும்.

சமையலறையின் சராசரி

தாளிக்கும்போது கவனித்திருப்பீர்கள். எண்ணெய் இளஞ்சூட்டில் இருக்கும்வரை கடுகு கிடந்த இடத்திலேயே கிடக்கும். இன்னும் கொஞ்சம் சூடேறினாலும் அசையாது. ஒரு கட்டம் தாண்டியதும் படபடவென்று எல்லாம் வெடிக்கும். இப்போது ஒருவர் சமையலறைச் சுவரில் தெர்மாமீட்டரை மாட்டி, "இந்த அறையின் சராசரி வெப்பநிலை 35 டிகிரி. இந்தச் சூட்டில் கடுகு வெடிக்காது. ஆகவே இந்த வீட்டில் தாளிப்பே நடக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் எப்படி இருக்கும்? அவருடைய தெர்மாமீட்டர் சரிதான். கடுகு கிடப்பது கரண்டியில், அறையில் அல்ல.

மாணவியின் கணக்கில் நடந்தது இதுவேதான். அவள் ஓட்டிய எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர்கள் பலருக்கும் அறிமுகமான ஒற்றை சிலிண்டர் கிர்லோஸ்கர் எஞ்சின்தான். சிலிண்டரின் உள்விட்டம் 87.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 110 மில்லிமீட்டர், கொள்ளளவு 661 கன சென்டிமீட்டர், அமுக்க விகிதம் 17.5, திறன் 5.2 கிலோவாட், வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று. பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இருக்கும் காற்று நசுங்கி, 850 கெல்வின் அளவுக்குச் சூடாகிறது. பிஸ்டனோடு இணைந்து சுழலும் கிராங்க் தண்டின் சுழற்சிக் கோணத்தில் சொன்னால், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 23 டிகிரி முன்னதாக இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சத் தொடங்குகிறது. முழுச் சுமையில் ஒரு தடவைக்கு உள்ளே போவது ஏறத்தாழ 30 மில்லிகிராம் டீசல்.

அந்த டீசல் காற்று முழுவதோடும் ஒரே சீராகக் கலப்பதில்லை. பெட்ரோல் எஞ்சினுக்கும் டீசல் எஞ்சினுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடே இதில்தான் இருக்கிறது. பீய்ச்சிய தாரையின் நடுவில் டீசல் ஆவி மிகுதி, காற்று குறைவு. அங்கே கரி உண்டாகும், நாக்ஸ் உண்டாகாது. தாரைக்கு வெகு தொலைவில் காற்று மட்டுமே இருக்கும், எரிய எதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, டீசலும் காற்றும் சரியான விகிதத்தில் சந்திக்கும் மெல்லிய தோலில்தான் தீ நிற்கிறது. அந்தத் தீயின் சூடு 2600 கெல்வினைத் தாண்டும். அதே நொடியில் சிலிண்டரின் சராசரியைக் கேட்டால் 1700, 1800 என்று வரும். ஏனென்றால் முழுச் சுமையிலும்கூட உள்ளே போன காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு எரிக்க டீசல் கிடைப்பதில்லை. அது ஓரமாக நின்று சராசரியைக் கீழே இழுக்கிறது. 1800 கெல்வினை செல்டோவிச் சமன்பாட்டில் போட்டால் ஒரு பிபிஎம்கூட வராது. அவளுக்கு வராததில் வியப்பே இல்லை.

நேரமும் ஒரு பொருள்

சூடு மட்டும் இருந்தால் போதாது, அந்தச் சூட்டில் வாயு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதும் வேண்டும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஒரு நொடியில் 9000இல் ஒரு பங்கு ஆகும். தீ பிடித்து வாயு கொடுஞ்சூட்டில் இருப்பது இருபது முப்பது டிகிரி. அதாவது இரண்டு, மூன்று மில்லிசெகண்ட். அதற்குப் பிறகு பிஸ்டன் கீழே இறங்கி வாயுவை விரியவிட்டு ஆற்றிவிடுகிறது.

நைட்ரிக் ஆக்சைடு தன் சமநிலை அளவை எட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்? டீசலும் காற்றும் ஏறக்குறைய சரிவிகிதத்தில் எரிந்த வாயு, 60 அட்மாஸ்பியர் அழுத்தம் என்று வைத்துக் கணக்கிட்டால், 2600 கெல்வினில் சுமார் ஒன்றரை மில்லிசெகண்ட். 2400இல் சுமார் 9 மில்லிசெகண்ட். 2200இல் 70க்கும் மேல். கையில் இருப்பதோ இரண்டு மூன்றுதான். ஆகவே மிகச் சூடான பகுதி மட்டும் சமநிலையைத் தொட்டுவிடுகிறது, சற்றே ஆறிய பகுதி பாதி வழியில் நின்றுவிடுகிறது, இன்னும் ஆறியது தொடங்கவே இல்லை. இதனால்தான் வெறும் சமநிலைக் கணக்கு இங்கே செல்லாது. கார்பன் டைஆக்சைடு, நீராவி போன்றவற்றுக்குச் சமநிலை போதும். நாக்ஸுக்கு வினைவேகம் கட்டாயம் வேண்டும்.

அடுத்து நடப்பதுதான் இந்தக் கதையின் சோகமான பகுதி. வாயு ஆறும்போது நைட்ரிக் ஆக்சைடு மறுபடியும் பிரிந்து நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் ஆகிவிட வேண்டும். அறைச் சூட்டில் அதன் சமநிலை அளவு அளக்கவே முடியாத அளவுக்குச் சிறியது. ஆனால் பிரியும் வினையும் அதே செல்டோவிச் வினைதான், பின்பக்கமாக ஓட வேண்டும். அதற்கும் சூடு வேண்டும். பிஸ்டன் இறங்கும் வேகத்தில் சூடு போய்விடுகிறது. பாகு பதத்தைப் பார்க்கச் சொட்டு வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டால் அந்த நொடியில் இருந்த பதத்திலேயே கெட்டியாகி நின்றுவிடுமே, அப்படி நைட்ரிக் ஆக்சைடு அந்த நொடியில் இருந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. இத்துறையில் இதை உறைதல் என்பார்கள். புகைக்குழாயில் அனலைசர் பார்ப்பது, சிலிண்டருக்குள் சில மில்லிசெகண்ட் முன்பு உறைந்துபோன அந்த எண்ணைத்தான்.

சிலிண்டரை இரண்டாகப் பிரிப்பது

இப்போது மாதிரிக்கு, அதாவது சிலிண்டருக்குள் நடப்பதைச் சமன்பாடுகளால் கணக்கிட்டுக் காட்டும் முறைக்கு, வருவோம். சராசரி ஏமாற்றுகிறது என்றால் சிலிண்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆகக் குறைந்தது இரண்டாக: எரிந்த பகுதி, எரியாத பகுதி. அழுத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான், வெப்பநிலை வேறுவேறு. இதை இருமண்டல மாதிரி என்பார்கள். அந்த மாணவியை நான் செய்யச் சொன்னது இதைத்தான்.

கையில் இருப்பது, பீசோ மின் சென்சார் ஒவ்வொரு டிகிரிக்கும் தந்த அழுத்தம். வெப்ப இயக்கவியலின் முதல் விதியைக் கொண்டு, அந்த டிகிரியில் எவ்வளவு டீசல் எரிந்திருந்தால் அழுத்தம் இப்படி ஏறியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். சுவர் வழியாகப் போகும் வெப்பத்தையும் கழிக்க வேண்டும். அதற்கு 1967இல் வோஷ்னி தந்த சமன்பாட்டைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அழுத்த அளவீடே இல்லாமல் முழுக்க முழுக்கக் கணினியில் செய்பவர்கள், எரிதல் எப்படி ஏறி இறங்கும் என்பதை வீபே சார்பு என்ற வளைகோட்டால் ஊகித்துக்கொள்வார்கள்.

எரிந்த டீசலின் அளவு தெரிந்ததும், அதோடு சேர்ந்து எரிந்த காற்றின் அளவை முடிவு செய்து, அந்தக் கலவையின் வெப்பநிலையைக் காண வேண்டும். பிறகு அந்த வெப்பநிலையில் ஆக்சிஜன் அணு, ஹைட்ராக்சில் முதலியவை எவ்வளவு இருக்கும் என்பதைச் சமநிலைக் கணக்கால் பெற்று, செல்டோவிச்சின் மூன்று படிகளில் போட்டால், அந்த டிகிரியில் பிறந்த நைட்ரிக் ஆக்சைடு கிடைக்கும். அடுத்த டிகிரிக்குப் போய் மறுபடியும் இதையே செய்ய வேண்டும். டிகிரி டிகிரியாகக் கூட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் கூட்டுத்தொகை ஏறுவதை நிறுத்திவிடும். உறைதல் நடந்த இடம் அதுதான். அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, சமன்பாடே கண்டுகொள்ளும். முதன்முறை திரையில் அந்த வளைகோடு விருட்டென்று ஏறிச் சட்டென்று மட்டமாவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

இதில் நுட்பமான ஓர் இடம் உண்டு. முதலில் எரிந்த வாயு, பின்னால் எரியப்போகும் டீசல் கிளப்பும் அழுத்தத்தால் மறுபடியும் நசுக்கப்படுகிறது. எரிந்து சூடான வாயு இன்னும் சூடாகிறது. கடைசியில் எரியும் டீசலுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அது எரியும்போது பிஸ்டன் இறங்கத் தொடங்கிவிட்டது. ஆகவே முந்தி எரிவதும் பிந்தி எரிவதும் நாக்ஸில் ஒரே பங்கு தருவதில்லை. இருமண்டல மாதிரியில் எரிந்ததெல்லாம் ஒரே பாத்திரத்தில் விழுந்து கலந்துவிடுவதால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. எரிந்த பகுதிக்குள்ளேயே மறுபடியும் ஒரு சராசரி! சமையலறையிலிருந்து அடுப்பு மேடைக்கு வந்துவிட்டோம், கரண்டிக்கு இன்னும் வரவில்லை.

அதனால் பிறந்தவைதான் பலமண்டல மாதிரிகள். ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் ஹிரோயாசு குழு 1980களில் வளர்த்தெடுத்த முறையில், டீசல் தாரையைச் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பொட்டலமும் தனக்கென்று காற்றை இழுத்து, தனக்கென்று ஆவியாகி, தனக்கென்று எரியும். ஒவ்வொன்றுக்கும் தனி வெப்பநிலை, தனி நாக்ஸ். கடைசியில் கூட்டிக்கொள்ள வேண்டும். இதற்கும் மேலே போனால், எரியறையையே ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான கட்டங்களாக வெட்டி, காற்றின் சுழற்சி முதல் துளியின் சிதறல்வரை எல்லாவற்றையும் தீர்க்கும் திரவ இயக்கக் கணினி முறை. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வகம் 1985இல் வெளியிட்ட கீவா என்ற மென்பொருள் இந்த வழியைப் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிட்டது. நாள்கணக்கில் கணினி ஓட வேண்டும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

தீ உண்மையிலேயே எங்கே நிற்கிறது என்பதை ஊகிக்காமல் கண்ணால் பார்த்தவர்களையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஜான் டெக், எஞ்சினுக்குக் கண்ணாடிச் சாளரங்கள் வைத்து, லேசரால் படம்பிடித்து, 1997இல் ஒரு வரைபடம் தந்தார். தாரையின் உள்ளே டீசல் மிகுந்த கலவை முதலில் எரிகிறது, அங்கே நாக்ஸ் இல்லை. வெளியோரத்தைச் சுற்றிப் போர்வைபோலத் தீ நிற்கிறது. நாக்ஸ் பிறப்பது அந்தப் போர்வையின் வெளிப்பக்கத்தில், ஆக்சிஜன் கிடைக்கும் பக்கத்தில், பிறகு எரிந்து முடிந்த சூடான வாயுவில். மாதிரி எழுதுபவர்கள் எந்த மண்டலத்துக்கு எந்தக் கலவை விகிதத்தைக் கொடுப்பது என்று இருட்டில் துழாவிய காலம் அதோடு பெருமளவு முடிந்தது.

எது நல்ல மாதிரி என்று என்னிடம் கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒரு கேள்விதான்: எதற்கு வேண்டும்? பிஸ்டனின் கிண்ண வடிவத்தை மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் திரவ இயக்க முறைதான் கதி. சாலையில் ஓடும் லாரியின் கட்டுப்பாட்டுக் கணினிக்கு நாள்கணக்கு ஏது? அதற்குச் சில மில்லிசெகண்டில் விடை வேண்டும். அந்த லாரியில் யூரியா கரைசலை ஊற்றுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். 32.5 சதவீத யூரியா கலந்த நீர் அது. சூட்டில் அம்மோனியாவாகி, வினையூக்கியில் நாக்ஸோடு சேர்ந்து, இரண்டையும் நைட்ரஜனாகவும் நீராகவும் ஆக்கிவிடும். எவ்வளவு பீய்ச்சுவது என்பதுதான் கேள்வி. குறைந்தால் நாக்ஸ் தப்பிவிடும், கூடினால் அம்மோனியா வெளியேறும். குழாயில் நாக்ஸ் சென்சார் இருக்கிறது. ஆனால் எஞ்சினைக் கிளப்பிய புதிதில், குழாயில் ஈரம் காயும்வரை அதைச் சூடாக்கக் கூடாது, சூடாக்கினால் பீங்கான் விரிசல் விடும். அந்த நேரத்தில் சென்சாருக்குப் பதிலாக நின்று எண் சொல்வது ஓர் எளிய நாக்ஸ் மாதிரி. எஞ்சினின் வேகம், டீசலின் அளவு, பீய்ச்சும் நேரம், உள்ளே போகும் காற்றின் ஆக்சிஜன் ஆகியவற்றை வைத்துச் சட்டென்று சொல்லிவிடும்.

நம்புவதற்கு முன்

மாதிரி எண்ணைக் கொடுத்துவிட்டது என்பதற்காக அப்படியே எழுதிவிடக் கூடாது. 50 கெல்வின் பிசகினால் விடை இரண்டு மடங்கு பிசகும் என்று பார்த்தோம். எரிந்த வாயுவின் வெப்பநிலையை 2 சதவீதத் துல்லியத்தில் அறிவது எளிதான வேலை அல்ல. ஆகவே அநேகமாக எல்லா மாதிரியிலும் ஒரு திருத்தக் கெழு ஒளிந்திருக்கும். ஓரிடத்தில் அளந்த அளவோடு பொருந்தும்படி அதைத் திருகி வைத்துவிட்டு, மற்ற இடங்களில் அதே கெழுவோடு ஓட்டிப் பார்ப்பார்கள். இது நேர்மையான வழிதான், ஒரு நிபந்தனையோடு: கெழு என்னவென்று அறிக்கையில் எழுத வேண்டும். ஒவ்வொரு சுமைக்கும் ஒவ்வொரு கெழு வைத்துப் பொருத்தியிருந்தால் அதற்குப் பெயர் மாதிரி இல்லை.

அலகு மாற்றும்போது பலர் வழுக்கும் இடம் ஒன்று. செல்டோவிச் தருவது நைட்ரிக் ஆக்சைடு, அதன் மூலக்கூறு நிறை 30. ஆனால் விதிமுறைகளில் நாக்ஸை எடையாகச் சொல்லும்போது எல்லாமே டைஆக்சைடாக இருப்பதுபோல் 46 என்று வைத்துத்தான் கணக்கிடுவார்கள். 30ஐப் போட்டவருடைய எஞ்சின் காகிதத்தில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு சுத்தமாகிவிடும்.

இன்னொன்று காற்றின் ஈரம். நீராவி சூட்டை உறிஞ்சி, ஆக்சிஜனையும் கொஞ்சம் நீர்க்கச் செய்வதால் நாக்ஸ் குறைகிறது. சோதனை விதிகள் ஒரு கிலோ உலர்காற்றுக்கு 10.71 கிராம் நீராவி என்பதை அடிப்படையாக வைத்து மற்ற அளவீடுகளைத் திருத்தச் சொல்கின்றன. சென்னையில் ஐப்பசி மழைக்காலத்தில் அது 20 கிராமை எட்டுவது சாதாரணம். அந்த நாளில் அளந்ததைத் திருத்தாமல், உலர்காற்றுக்கு எழுதிய மாதிரியோடு ஒப்பிட்டுவிட்டு, மாதிரி அதிகமாகச் சொல்கிறது என்று குறை கூறுவது நியாயமில்லை. மாதிரிக்குள்ளும் ஈரத்தைச் சேர்க்க வேண்டும்.

புங்க எண்ணெய், காட்டாமணக்கு எண்ணெய் ஆகியவற்றிலிருந்து பயோடீசல் செய்து ஓட்டிப் பார்க்கும் ப்ராஜெக்டுகள் நம் கல்லூரிகளில் நிறைய நடக்கின்றன. பெரும்பாலும் நாக்ஸ் சற்றுக் கூடுகிறது. காரணம் என்ன என்று கேட்டால், "பயோடீசலில் ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் கூடுகிறது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். சுற்றிலும் காற்று அவ்வளவு இருக்கும்போது எரிபொருளில் உள்ள பத்துப் பதினோரு சதவீத ஆக்சிஜன் மட்டும் எப்படி இதைச் செய்தது? பயோடீசல் டீசலைவிடக் குறைவாகவே அமுங்கும். பம்பு, குழாய், நாசில் என்ற பழைய அமைப்பில் அழுத்த அலை முந்திப் போய், நாசில் சற்று முன்னதாகவே திறந்துகொள்கிறது. முன்னதாகப் பீய்ச்சினால் முன்னதாக எரியும், அழுத்தமும் சூடும் ஏறும். மாதிரியில் பீய்ச்சும் நேரத்தை மட்டும் அரை டிகிரி, ஒரு டிகிரி முன்னே தள்ளிப் பாருங்கள். கூடுதல் நாக்ஸில் எவ்வளவுக்கு அது ஒன்றே விளக்கம் தருகிறது என்று தெரிந்துவிடும். ஆய்வகத்தில் பிரிக்க முடியாத இரண்டு காரணங்களை இப்படித் தனித்தனியே பிரித்துக் காட்டுவதற்காகத்தான் நான் மாதிரிகளை நேசிக்கிறேன்.

புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடியும் சிலிண்டருக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். முறையும் இதே சூட்டுக் கணக்கில் அடங்கும். புகையில் உள்ள கார்பன் டைஆக்சைடும் நீராவியும் காற்றின் ஆக்சிஜனை நீர்க்கச் செய்கின்றன. 21 சதவீத ஆக்சிஜன் 15க்கு இறங்கினால் தீயின் சூடு சில நூறு கெல்வின் இறங்கும். நாக்ஸ் எவ்வளவு சரியும் என்பதை மேலே சொன்ன பெருக்கலிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் கரியை எரித்துத் தீர்க்கவும் அதே சூடும் ஆக்சிஜனும்தான் வேண்டும். நாக்ஸ் இறங்க இறங்கக் கரி ஏறும். டீசல் பொறியாளர்களைத் தூங்கவிடாமல் செய்யும் இழுபறி இது.

அந்த மாணவி இருமண்டலக் கணக்கை எழுதி முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. முழுச் சுமையில் அளவீட்டுக்கு அருகே வந்துவிட்டது. கால் சுமையில் அளவீட்டைவிட மிகவும் கீழே போயிற்று. எரிந்த வாயுவோடு சுற்றியுள்ள காற்றை மாதிரி அதிகமாகக் கலந்துவிடுகிறது, அதனால் சூடு இறங்கிவிடுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். பிறகு கெழு எதையும் தொடாமல், பீய்ச்சத் தொடங்கும் நேரத்தை மட்டும் 23 டிகிரியிலிருந்து 20க்கு மாற்றி ஓட்டினாள். நாக்ஸ் இறங்கும் என்றது கணினி. மறுநாள் ஆய்வகத்தில் பம்பைக் கழற்றி, பீய்ச்சுவதைத் தாமதப்படுத்த அடியில் மெல்லிய ஷிம் தகடு ஒன்றைக் கூடுதலாக வைத்து, மறுபடியும் முடுக்கினோம். எஞ்சின் சூடேறி நிதானத்துக்கு வர அரைமணி நேரம் காத்திருந்தோம். அனலைசரில் எண் மெதுவாக இறங்கத் தொடங்கியது. அவள் நோட்டைத் திறந்து, முதலில் அன்றைய காற்றின் ஈரத்தை எழுதினாள்.